காளான் போட்ட வரப்பு

அமெரிக்காவின் வடகிழக்கு மூலையில், வெர்மான்ட், நியூ ஹாம்ப்ஷயர் மலைச்சரிவுகளில் சர்க்கரை மேப்பிள் மரங்கள் அடர்ந்து நிற்கின்றன. குளிர்காலம் முடியும் நேரத்தில் இவற்றின் தண்டில் துளையிட்டுச் சாறு இறக்கி, காய்ச்சிப் பாகு எடுக்கிறார்கள். அப்படி ஒரு மரம் விழுந்த கையோடு அதன் கட்டையை எடை போட்டுப் பார்த்தால், 100 கிலோ மரப்பொருளுக்கு 65 முதல் 72 கிலோ வரை தண்ணீர் இருக்கும். அந்தக் கட்டையில் கிண்ணம் கடைய வேண்டுமானால் இந்தத் தண்ணீர் போயே ஆக வேண்டும். அவசரமாகப் போனால் கட்டை வெடித்துவிடும். போகாமல் தங்கினால் பூஞ்சை பிடித்து மக்கிவிடும். மரவேலை தெரிந்த மக்கள் எல்லா ஊரிலும் இந்த இரண்டு ஆபத்துகளுக்கு நடுவில்தான் பிழைத்துவந்திருக்கிறார்கள்.

அவர்களில் சிலர் இரண்டாவது ஆபத்தை வேண்டுமென்றே கூப்பிடுகிறார்கள். ஈரக்கட்டையில் பூஞ்சை பரவ விடுகிறார்கள். மரம் உளுத்துப் பொடியாகும் முன்பே அதை நிறுத்தி, உலர்த்தி, கடைசல் எந்திரத்தில் ஏற்றுகிறார்கள். கிடைக்கும் கிண்ணத்தில் தலைமுடி கனத்துக்குக் கறுப்புக் கோடுகள் வளைந்தும் நெளிந்தும் ஓடுகின்றன. கோட்டுக்கு ஒரு பக்கம் பால் வெள்ளை, மறுபக்கம் தேன் நிறம். சாயமோ தூரிகையோ படாத இந்த வேலைக்கு ஸ்பால்டிங் என்று பெயர். ஒரு மேப்பிள் கட்டை இந்த நிலைக்கு வர எத்தனை விஷயங்கள் கூடிவர வேண்டும் என்று படிக்கப் படிக்க, எல்லாவற்றுக்கும் அடியில் ஒரே ஓர் எண் இருப்பது தெரிந்தது. அந்த எண் 30.

முதலில் தண்ணீரைப் பார்ப்போம். மரம் என்பது நெடுக்குவாக்கில் அடுக்கிய நுண்குழாய்களின் கட்டு. ஒவ்வொரு குழாயும் ஒரு செல். உயிர் போனபின் எஞ்சியது அதன் சுவர். பச்சை மரத்தில் தண்ணீர் இரண்டு இடங்களில் தங்கியிருக்கிறது. குழாயின் உள்ளே, காலி இடத்தில் தேங்கியிருப்பது ஒன்று. சுவருக்குள்ளேயே, செல்லுலோஸ் இழைகளுக்கு இடையில் ஒட்டிக்கொண்டிருப்பது இன்னொன்று. உலரத் தொடங்கும்போது முதலில் போவது குழாய்க்குள் தேங்கிய தண்ணீர். அது போகும்வரை கட்டையின் எடைதான் குறையும், அளவு மாறாது. குழாய்கள் காலியாகி, சுவர்கள் மட்டும் முழு ஈரத்தோடு நிற்கும் ஒரு கட்டம் வருகிறது. உலர்ந்த மரத்தின் எடையைக் கணக்காக வைத்தால், பெரும்பாலான மரங்களில் இது ஏறத்தாழ 30 சதவீத ஈரம். இதற்குக் கீழே இறங்கினால் சுவருக்குள் இருக்கும் தண்ணீர் கிளம்புகிறது, இழைகள் நெருங்குகின்றன, சுவர் மெலிகிறது, மரம் சுருங்குகிறது.

எல்லாத் திசையிலும் ஒரே அளவாகச் சுருங்கினால் பிரச்சினையே இல்லை. கட்டை கொஞ்சம் சிறிதாகும், அவ்வளவுதான். ஆனால் நெடுக்குவாக்கில் மரம் சுருங்குவது மிகச் சொற்பம், 0.1, 0.2 சதவீதம். மையத்திலிருந்து பட்டையை நோக்கிய திசையில், சர்க்கரை மேப்பிள் முழுக்கக் காயும்போது 4.8 சதவீதம் சுருங்கும். ஆண்டு வளையத்தை ஒட்டிய சுற்றுத் திசையில் 9.9 சதவீதம். அதாவது இரண்டு மடங்கு. வட்டத்தின் சுற்றளவு ஒரு கணக்கிலும் ஆரம் வேறு கணக்கிலும் குறைந்தால் வட்டம் வட்டமாக இருக்க முடியாது. எங்காவது பிளந்துதான் ஆக வேண்டும். விறகுக் கட்டைகளின் முகத்தில் பட்டையிலிருந்து மையம்வரை ஆப்பு வடிவில் விழும் வெடிப்பு இந்தக் கணக்கின் விடை. தேக்குக்கு இதே எண்கள் 2.5, 5.8. நம் வீட்டு நிலையும் கதவும் பல மழைக்காலம் கண்டும் பெரிதாகக் கோணாமல் நிற்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

ஆகவே கிண்ணம் கடைபவர் முதலில் செய்வது, உருண்டைக் கட்டையை மையத்தின் வழியாக நெடுக்கில் இரண்டாகப் பிளப்பது. பாதிக் கட்டை சுருங்கும்போது அதன் தட்டையான முகம் சற்று முதுகு வளைத்துக்கொள்ள இடம் இருக்கிறது. வெடிக்க வேண்டிய கட்டாயம் போய்விடுகிறது. மையத்தை ஒட்டிய ஒன்றிரண்டு சென்டிமீட்டரையும் சீவி எறிந்துவிடுவார்கள். மையம் கிண்ணத்தின் விளிம்பில் மாட்டிக்கொண்டால் அங்கே விரிசல் நிச்சயம்.

அடுத்தது முனைகள். குழாய்கள் நெடுக்கில் ஓடுவதால் ஈரம் குறுக்கே கசிவதைவிட 10 முதல் 15 மடங்கு வேகமாக முனைகள் வழியே வெளியேறும். முனை 30 சதவீதத்துக்குக் கீழே போய்ச் சுருங்கத் துடிக்கும். இரண்டு அங்குலம் உள்ளே மரம் இன்னும் ஊறிக் கிடக்கும். அந்த இழுபறியில் முனை பிளக்கும். இதைத் தடுக்கத்தான் வெட்டிய அன்றே முனைகளில் மெழுகுக் குழம்பைக் கனமாகப் பூசுகிறார்கள். நம் ஊர் மரவாடிகளில் சில கட்டைகளின் முகத்தில் பெயின்ட் அப்பியிருக்கும். அதுவும் ஓரளவுக்கு இந்த வேலையைச் செய்யும்.

இத்தனையும் செய்து கட்டையை அப்படியே காயப்போட்டால் ஆண்டுக்கணக்கில் ஆகும்; அப்போதும் நடுப்பகுதி காய்ந்ததா என்று சொல்ல முடியாது. கடைசல்காரர்கள் கண்ட வழி எளிமையானது: ஈரமாக இருக்கும்போதே கிண்ணத்தைத் தோராயமாகக் கடைந்துவிடுவது. சுழலும் ஈரக்கட்டையில் உளியை வைத்தவுடன் நீளமான, குளிர்ந்த சுருள்கள் தோளுக்கு மேலே பறக்கும். கூடவே தண்ணீர் தெறிக்கும். எந்திரத்துக்கு நேர் எதிரே உள்ள சுவரில் ஒரு செங்குத்து ஈரக்கோடு விழுந்து கிடப்பதைப் பார்த்தாலே அங்கே பச்சை மரம் கடைந்தார்கள் என்று சொல்லிவிடலாம். காய்ந்த மரத்தைவிட ஈரமரம் உளிக்கு நன்றாக இணங்கும், தூசியும் கிளம்பாது.

எவ்வளவு கனத்தில் நிறுத்துவது என்பதில்தான் அனுபவம் பேசுகிறது. விட்டத்தில் பத்தில் ஒரு பங்கு என்பது பழக்கம்: 30 செ.மீ. கிண்ணத்துக்கு 3 செ.மீ. சுவர். இதன் பின்னாலும் அதே சுருக்கக் கணக்கு இருக்கிறது. கிண்ணம் காயும்போது நெடுக்கு விட்டம் அப்படியே இருக்கும், குறுக்கு விட்டம் குறையும். 30 செ.மீ.யில் ஒரு சென்டிமீட்டருக்கு மேல், சில சமயம் இரண்டு சென்டிமீட்டர் வரை போகும், வட்டம் நீள்வட்டமாகும். அந்த நீள்வட்டத்துக்குள் மறுபடி ஒரு முழு வட்டத்தைக் கடைந்து எடுக்கச் சுவரில் சதை இருக்க வேண்டும். அதே நேரத்தில் சுவரின் எந்தப் புள்ளியும் காற்றிலிருந்து ஒன்றரை சென்டிமீட்டருக்கு மேல் தள்ளி இருக்காது. உள்ளும் புறமும் ஏறக்குறைய சேர்ந்தே காயும். அதனால் வெடிப்பு குறையும்.

தோராயக் கிண்ணத்தின் அடியில் பென்சிலால் தேதியையும் எடையையும் எழுதி, காகிதப் பையில் அதன் சீவல்களோடேயே போட்டுக் கட்டி வைப்பார்கள். சில வாரங்களுக்கு ஒருமுறை தராசில் வைத்து, புது எடையைப் பழையதன் கீழே எழுதுவார்கள். முதலில் சட்டென்று இறங்கும் எண்கள் போகப்போகத் தயங்கும்; கடைசியில் ஒரே இடத்தில் நிற்கும். அன்று கிண்ணம் தயார். எந்த எண்ணில் நிற்கும் என்பது ஊரைப் பொறுத்தது. காற்றில் 75 சதவீத ஈரப்பதம் உள்ள சென்னையில் மரம் சுமார் 14 சதவீத ஈரத்தோடு நிற்கும். பனிக்காலத்தில் வெப்பமூட்டிய டொரண்டோ வீட்டில், காற்றின் ஈரப்பதம் 30 சதவீதம் என்றால், 6 சதவீதத்துக்கு இறங்கிவிடும். இங்கிருந்து பெட்டியில் போன மரச்சாமான் அங்கே போய் முதல் குளிர்காலத்தில் வெடிப்பது இதனால்தான்.

சுருக்கத்தையே தடுத்துவிட முடியாதா என்றால் முடியும். சுவருக்குள் தண்ணீர் இருந்த இடத்தில் ஆவியாகாத வேறொன்றைப் புகுத்த வேண்டும். பாலி எத்திலீன் கிளைகால் என்ற மெழுகுப்பொருள் அப்படிப் புகும். 1628இல் மூழ்கி 1961இல் ஸ்டாக்ஹோம் துறைமுகத்திலிருந்து தூக்கப்பட்ட வாசா போர்க்கப்பலின் மேல் இதைத்தான் 17 ஆண்டுகள் தெளித்தார்கள். கிண்ணத்துக்கு அது தேவையில்லை என்றே நான் சொல்வேன். பொறுமை போதும், மரம் மரமாகவும் இருக்கும்.

இனி பூஞ்சை. 19ஆம் நூற்றாண்டின் பாதிவரைக்கும், மரம் தானாக மக்குகிறது, மக்கியதிலிருந்து காளான் முளைக்கிறது என்றே பலரும் நம்பினார்கள். ஜெர்மனியின் ராபர்ட் ஹார்டிக் 1870களில் இதைத் தலைகீழாக்கினார். மக்கும் மரத்தின் மெல்லிய சீவல்களை நுண்ணோக்கியில் வைத்து, செல் சுவர்களைத் துளைத்துக்கொண்டு போகும் பூஞ்சை இழைகளைப் படம் வரைந்து காட்டினார். இழை முதலில், மக்கல் பிறகு. நாம் மரத்தின் மேல் பார்க்கும் காளான் வித்துகளைப் பரப்ப வெளியே நீட்டிய உறுப்பு மட்டுமே. பூஞ்சையின் உடல் முழுவதும் கட்டைக்குள் இருக்கிறது.

அந்த உடல் வாழ எவ்வளவு ஈரம் வேண்டும்? இங்கேதான் 30 திரும்ப வருகிறது. பூஞ்சை தன் நொதிகளை வெளியே கசியவிட்டு, மரத்தைக் கரைத்து, கரைந்ததை உறிஞ்சுகிறது. அதற்குக் குழாய்க்குள் கொஞ்சமாவது தேங்கிய தண்ணீர் வேண்டும். சுவரில் மட்டும் ஈரம் இருந்தால் அதற்குப் பிழைப்பு இல்லை. அதாவது 30 சதவீதத்துக்கு மேலே இருக்கும்வரைதான் அதன் ராஜ்யம். 20 சதவீதத்துக்குக் கீழே இறங்கிய மரம் மக்காது என்பது கட்டுமானக்காரர்களின் பழைய விதி. அதற்காகத் தண்ணீர் எவ்வளவு வேண்டுமானாலும் இருக்கலாம் என்றும் இல்லை. குழாய்கள் தண்ணீரால் நிரம்பிவிட்டால் காற்று இல்லாமல் பூஞ்சை மூச்சடைத்துப்போகும். மர ஆலைகளில் கட்டைகளைக் குளத்தில் போட்டு வைப்பதும், மேலே இடைவிடாமல் தண்ணீர் தெளிப்பதும் இந்தத் தந்திரத்தை நம்பித்தான்.

இப்போது இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். மரம் சுருங்குவது 30க்குக் கீழே. பூஞ்சை வேலை செய்வது 30க்கு மேலே. கட்டையின் ஒரே இடத்தில் இரண்டும் ஒரே நேரத்தில் நடப்பதில்லை. பூஞ்சை உள்ளே நடமாடும் மாதங்களில் மரம் ஒரு மயிரிழையும் சுருங்காது, வெடிக்காது. சுருங்கத் தொடங்கிய இடத்தில் பூஞ்சை கைகளைக் கட்டிக்கொள்கிறது. ஒரு செல் சுவர் தண்ணீரை எப்படிப் பிடித்து வைக்கிறது என்ற ஒரே இயற்பியல் இரண்டு விதிகளையும் எழுதியிருக்கிறது. வண்ணம் தீட்டும் பருவமும் உலரும் பருவமும் தனித்தனியாக அமைந்ததால்தான் ஸ்பால்டிங் என்ற கலையே சாத்தியமானது என்று எனக்குத் தோன்றுகிறது. இரண்டு பருவங்களும் ஒன்றன்மேல் ஒன்று விழுந்திருந்தால், கோடு வந்த கிண்ணமெல்லாம் வெடித்த கிண்ணமாக இருந்திருக்கும். கட்டையின் வெளிப்புறம் காய்ந்தும் உட்புறம் ஊறியும் கிடந்தால் மட்டும் இரண்டு கேடும் சேர்ந்து வரும். வெளியே வெடித்து உள்ளே மக்கிய கட்டைகளை எந்த விறகுக் குவியலிலும் பார்க்கலாம்.

எல்லாப் பூஞ்சையும் இதற்கு உதவாது. ஒரு வகை, செல்லுலோஸைத் தின்றுவிட்டு லிக்னினை ஒதுக்கிவிடும். மரம் பழுப்பாகி, சதுரம் சதுரமாக விரிந்து, விரலில் பொடியும். கடைசல்காரர் கையில் எடுக்கவே மாட்டார். இன்னொரு வகை லிக்னினையும் சேர்த்துத் தின்பது. லிக்னின் மரத்துக்கு விறைப்பையும் நிறத்தையும் தரும் பொருள். அது போன இடம் வெளுக்கும். இவற்றை வெண்மக்கல் பூஞ்சைகள் என்கிறார்கள். உயிருலகில் லிக்னினை முழுமையாக உடைக்கும் திறன் இவற்றுக்குத்தான் பிரதானமாக வாய்த்திருக்கிறது. எப்படி உடைக்கின்றன என்பது வெகுகாலம் புதிராக இருந்து, 1983இல்தான் விஸ்கான்சின் மாநிலத்தின் மேடிசனில் உள்ள அமெரிக்க அரசின் வனப்பொருள் ஆய்வகமும் இன்னொரு ஆய்வுக் குழுவும் அதைச் செய்யும் நொதியைத் தனித்தனியே கண்டறிந்தன.

சரி, கறுப்புக் கோடு எங்கிருந்து வருகிறது? இந்த விஷயத்தில் என் மனத்துக்கு மிகவும் பிடித்த பகுதி இது. ஒரு மரத்தின் அடிக்கட்டையில் ஒரே வகைக் காளான் வரிசையாக முளைத்திருந்தால், உள்ளே இருப்பது ஒரே உடல் என்று எண்ணுவது இயல்பு. 1970களில் இங்கிலாந்தில் ஆலன் ரெய்னர், நார்மன் டாட் என்ற இரண்டு ஆய்வாளர்கள் அடிக்கட்டைகளை வில்லை வில்லையாக அறுத்து, கோட்டுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இருந்த பூஞ்சையைத் தனித்தனியே எடுத்து, ஒரே தட்டில் எதிரெதிராக வளர்த்தார்கள். ஒரே பக்கத்திலிருந்து எடுத்தவை சந்தித்தபோது ஒன்றாகக் கலந்தன. கோட்டின் இரு பக்கங்களிலிருந்து எடுத்தவை, ஒரே இனமாக இருந்தும், கலக்க மறுத்தன. கட்டைக்குள் இருந்தது ஒரு கூட்டம். வேறு வேறு வித்துகளிலிருந்து பிறந்த தனி ஆட்கள் ஆளுக்கொரு பங்கைப் பிடித்துக்கொண்டு, சந்திக்கும் இடத்தில் வரப்பு போட்டுக்கொண்டிருந்தார்கள். அந்த வரப்புதான் கோடு.

வரப்பு போடும் பொருள் மெலனின். நம் தலைமுடியைக் கறுப்பாக்கும் நிறமியின் குடும்பத்தைச் சேர்ந்தது. நெருக்கமாக முறுக்கிய இழைகளில் அது படிந்து இறுகி, கோடு இருக்கும் இடத்தில் மரம் சுற்றியுள்ள பகுதியைவிடக் கடினமாகிவிடும். எல்லாக் கோடும் சண்டையால் வருவதில்லை. சைலேரியா பாலிமார்ஃபா என்ற பூஞ்சை பக்கத்தில் எதிரியே இல்லாவிட்டாலும் தன்னைச் சுற்றி இந்தக் கறுப்புச் சுவரை எழுப்பிக்கொள்ளும். தரையிலிருந்து விரல் விரலாகக் கறுத்து நீட்டி நிற்பதால் ஆங்கிலேயர் இதைச் செத்தவன் விரல் என்று அழைக்கிறார்கள். அந்தச் சுவருக்குள் ஈரம் வெளியே ஓடாமல் தங்குகிறது. முனையில் மெழுகு பூசும் மனிதரும் உள்ளே கறுப்பு பூசும் பூஞ்சையும் செய்வது ஒரே காவல் வேலை: ஈரத்தை 30க்கு மேலே வைத்திருப்பது.

வயல் வரப்பு தரையில் ஓடும் கோடு. இது அப்படி இல்லை. மூன்று திசையிலும் பரவிய, தாளைவிடச் சற்றே கனமான ஒரு திரை. கிண்ணத்தில் நாம் காணும் கோடு அந்தத் திரையை உளி வெட்டிய இடம். கடைந்துகொண்டிருக்கும்போது இதைக் கண்ணால் பார்க்கலாம். ஒவ்வொரு முறை உளி ஒரு மில்லிமீட்டர் உள்ளே போகும்போதும் கோடு நகரும். வளையமாக இருந்தது சிறுத்துக்கொண்டே வந்து புள்ளியாகி மறையும். தனியாக ஓடிய இரண்டு கோடுகள் நெருங்கி ஒட்டிக்கொள்ளும். திரை உளியின் பாதைக்கு இணையாகப் படுத்திருக்கும் இடத்தில் கோடு திடீரென்று விரிந்து, அரை அங்குல அகலத்துக்குக் கறுப்புத் திட்டாகப் பரவும். அடுத்த சீவலில் காணாமல் போகும். இன்னும் ஒரு சீவல் எடுத்தால் இதைவிட நல்ல கோலம் வருமா, இருப்பதும் போய்விடுமா என்ற தவிப்பில் எந்திரத்தை நிறுத்தி நிறுத்திப் பார்ப்பார்கள். முடிந்த கிண்ணத்தில் ஒரு கோட்டின் மேல் வெளியே ஒரு விரலும் உள்ளே ஒரு விரலும் வைத்தால், இடையில் இருக்கும் சில மில்லிமீட்டர் மரத்துக்குள் அந்தத் திரை எப்படிச் சாய்ந்து போகிறது என்று ஊகிக்க முடியும்.

கறுப்பும் வெள்ளையும் தவிர நிறங்களும் உண்டு. குளோரோசிபோரியா என்ற சிறு பூஞ்சை ஓக் போன்ற மரங்களை நீலமும் பச்சையும் கலந்த நிறத்தில் ஊறவைக்கும். அதன் காளான் சில மில்லிமீட்டர் அகலமுள்ள கிண்ணம். அதுவும் அதே நிறம். நிறமியின் பெயர் சைலின்டீன். 15ஆம் நூற்றாண்டு இத்தாலியர்களுக்கு இந்த மரம் தெரிந்திருந்தது. உர்பினோவின் கோமகன் ஃபெடரிகோ தா மான்டெஃபெல்ட்ரோவின் குப்பியோ அரண்மனைக்காக 1478 முதல் 1482 வரையான ஆண்டுகளில், மரத்துண்டுகளை இழைத்துப் பதித்தே சுவர் முழுதும் படமாக்கிய ஒரு வாசிப்பறை செய்யப்பட்டது. இன்று அது நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதில் பச்சை தேவைப்பட்ட இடங்களில் இந்தப் பூஞ்சை ஏறிய மரத்துண்டுகளை வைத்திருந்ததை 1990களில் ஆய்வாளர்கள் உறுதிசெய்தார்கள். 500 ஆண்டு வெளிச்சத்துக்கும் அந்தப் பச்சை மங்கிவிடவில்லை. இங்கிலாந்தின் டன்பிரிட்ஜ் வெல்ஸ் ஊரில் 19ஆம் நூற்றாண்டில் செய்த மரப் பெட்டிகளிலும் இதே பச்சை ஓக்கைக் காணலாம். ஓரிகான் மாநிலப் பல்கலைக்கழகத்தில் சைலின்டீனை மின்னணுக் கருவிகளுக்கான குறைகடத்தியாகவே சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். அவ்வளவு நிலையான மூலக்கூறு அது.

இத்தாலியர்களுக்குப் பொன்னாக இருந்தது பின்னாளில் மர வியாபாரிகளுக்குக் கழிவானது. அமெரிக்க அறுவை ஆலைகளில் கோடு விழுந்த மேப்பிள் கட்டையைத் தனியே தள்ளி அடுப்புக்கு அனுப்புவார்கள். 1970களில் மெல்வின் லிண்ட்க்விஸ்டும் மகன் மார்க்கும் அந்தக் கட்டைகளைத் தேடிப்போய்க் கடைந்து, கலைக்கூடங்களில் வைத்து, பத்திரிகைகளில் எழுதி, பார்வையை மாற்றினார்கள். இன்று ஸ்பால்டிங் ஏறிய துண்டு, ஏறாததைவிட விலை கூடியது.

நம் பக்கம் இந்த மாற்றம் இன்னும் வரவில்லை. அம்பாசமுத்திரத்துச் செப்புச் சாமானும் சன்னபட்னாப் பொம்மையும் கடைசல் வேலைதான். ஆனால் சுழலும்போதே அரக்கு ஏற்றி மூடிவிடுவதால், அவர்களுக்கு வேண்டியது கறையில்லாத, ஒரே சீரான வெள்ளை மரம். கன்னியாகுமரி, கேரளப் பக்கத்து ரப்பர் மரத்தை வெட்டிய சில நாட்களுக்குள் அறுத்து போரான் மருந்தேற்றாவிட்டால் நீலக்கறை பிடித்துவிடும்; விலை விழுந்துவிடும். அந்தக் கறையை உண்டாக்கும் பூஞ்சை பெரும்பாலும் மரத்தின் மாவுச்சத்தைத்தான் தின்கிறது, சுவரை அதிகம் தொடுவதில்லை. அதனால் பலம் பெரிதாகக் குறையாது, முகம்தான் மாறுகிறது. புளிய மரத்தின் கதை இன்னும் வருத்தம். நமக்கு அது கறிக்கடையின் வெட்டுக்கட்டை, செங்கல் சூளையின் விறகு. தென்கிழக்கு ஆசியாவிலிருந்து கறுப்புக் கோடு விழுந்த புளியமரத் துண்டுகள் அமெரிக்கக் கடைசல்காரர்களுக்கு உயர்ந்த சரக்காகப் போகின்றன. நம் ஊர்ச் சாலையோரத்தில் விழுந்து, ஒரு மழைக்காலம் கிடந்து, பிறகு சூளைக்குப் போகும் புளியங்கட்டைகளில் என்னென்ன கோலங்கள் எரிகின்றனவோ, யாரும் அறுத்துப் பார்ப்பதில்லை.

செய்து பார்க்க விரும்புகிறவர்களுக்கு இரண்டு வழி இருக்கிறது. பழைய வழி, கட்டையைக் காட்டு மண்ணில் செங்குத்தாக ஊன்றி, சருகு மூடி, ஒரு கோடைக்கு விட்டுவிடுவது. எந்தப் பூஞ்சை வரும், எவ்வளவு தின்னும் என்பது அதிர்ஷ்டம். புதிய வழி ஆய்வுக்கூடத்திலிருந்து வந்தது. மூடியுள்ள பிளாஸ்டிக் தொட்டியில் ஈரமான வெர்மிகுலைட் கனிமத் துகள் நிரப்பி, மேப்பிள் துண்டுகளை அதில் புதைத்து, தேர்ந்தெடுத்த பூஞ்சையை வைத்து, இருட்டில் மிதமான வெப்பத்தில் பத்து வாரம் போல விடுவார்கள். வெண்மக்கலுக்குப் பேர்போன டிராமீட்டஸ் வெர்சிகலரையும் பியெர்கான்டெரா அடுஸ்டாவையும் ஒரே துண்டில் எதிரெதிராக வைத்தால், சந்திக்கும் இடத்தில் நம்பிக்கையாகக் கோடு கிடைக்கும். எப்போது நிறுத்துவது என்பதற்கு நல்ல கருவி கட்டைவிரல் நகம். வெளுத்த இடத்தில் அழுத்தும்போது நகம் தடுமாறி நின்றால் சரி. பஞ்சில் இறங்குவதுபோல் இறங்கினால் தாமதமாகிவிட்டது.

நிறுத்துவது என்றால் தனியாக ஒன்றும் செய்ய வேண்டியதில்லை. தோராயக் கிண்ணமாகக் கடைந்து காயவைத்தாலே போதும். 3 செ.மீ. சுவர் வெடிப்பையும் தவிர்க்கிறது, விரைவாக 30க்குக் கீழே இறங்கிப் பூஞ்சையையும் நிறுத்துகிறது. ஒரே செயலுக்கு இரண்டு பலன்.

இரண்டாம் முறை கடையும்போதுதான் சிரமம். கோடு கடினம், பக்கத்து வெள்ளை மென்மை. இரண்டின் மேலும் ஒரே உளி ஓட வேண்டும். உளி மழுங்கினால் மென்மையான இடத்தில் இழை பிய்ந்து குழி விழும். உப்புத்தாள் போட்டுத் தேய்த்தாலும் மென்மையான இடமே முதலில் கரையும். கோடு வரம்பாக மேலெழுந்து நிற்கும். நீர்த்த சூப்பர் குளூவையோ மெருகெண்ணெயையோ ஊற வைத்து இறுக்கிய பிறகு, அப்போது தீட்டிய உளியால் மெல்லிய சீவலாக எடுப்பார்கள்.

தூசியைப் பற்றி அழுத்திச் சொல்ல வேண்டும். மரத்தூசி புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு அமைப்பு முதல் வகைப் பட்டியலிலேயே சேர்த்திருக்கிறது. இது எந்த மரத்துக்கும் பொருந்தும். பூஞ்சை ஏறிய மரத்தில் வித்துகளும் இழைத்துண்டுகளும் கூடுதலாகப் பறக்கும். ஆஸ்துமா உள்ளவர்களும் நோய் எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்களும் இந்த மரத்தைக் கடையாமல் இருப்பதே நல்லது. மற்றவர்கள் முகத்தோடு பொருந்தும் நல்ல வடிகட்டி முகமூடி இல்லாமல் எந்திரத்தை ஓடவிடக் கூடாது. துணி கட்டிக்கொள்வது காப்பாகாது.

முடிந்த கிண்ணத்தில் பழம் வைக்கலாம், முறுக்கு வைக்கலாம். பூஞ்சை இன்னும் உயிரோடு இருக்குமோ என்று சிலர் கேட்பார்கள். காய்ந்த மரத்தில் சில இழைகள் செத்துவிடும், சில உறங்கிக் கிடக்கலாம். 14 சதவீத ஈரத்தில் எதுவும் நகராது. கழுவி உடனே துடைத்து வைத்தால் தண்ணீர் மேற்பரப்பைத் தாண்டாது. ஈரத்துணிக்கு அடியிலோ தொட்டி ஓரத்திலோ வாரக்கணக்கில் மறந்துவிட்டால் மட்டும் செல் சுவர்கள் மறுபடி நிரம்பி, குழாய்க்குள் தண்ணீர் தேங்கும். பழைய இழையோ காற்றில் வந்து விழுந்த புது வித்தோ, நின்றுபோன வேலையை விட்ட இடத்திலிருந்து எடுத்துக்கொள்ளும்.